மண்டியிட்டால் தெரியும் பார்வை

உளியைப் பிடித்த இடக்கை அசையவில்லை. வலக்கை கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. மடியில் கிடக்கும் இறந்த மகனைப் பார்க்கும் வியாகுல மாதாவின் இமை தேக்கில் உருவாகிக்கொண்டிருந்தது.

குளத்தூர்ப் பக்கம் ஒரு மாதா கோவிலில், கூர்வளைவுகள் அடுக்கிய கோத்திக் பாணி மரப் பீடம் உண்டு. அதன் நடுவிலிருந்த மாதா சுரூபத்தை, அந்த மரச் சிலையை, கரையான் தின்றுவிட்டது. புதிதாகச் செதுக்க வந்த ஆவுடையப்பன், தேர்ச் சிற்பம் செய்தே நரைத்தவர். பழைய முகத்துக்குப் படம் இல்லை; கோவிலைக் கூட்டும் சவரியம்மாளின் நினைவு மட்டும்தான் இருந்தது.

வேலை முடிந்து சுரூபத்தை மாடத்தில் நிறுத்தியதும் அவள் முன்னால் போய் மண்டியிட்டாள். அண்ணாந்து மாதாவின் கண்ணைத் தேடினாள்.

"என்ன தாயி, பிடிக்கலியா?"

"அழகுதாண்ணே. ஆனா எனக்கு மேல எங்கயோ பாக்குது. எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் பூராம் இங்கிட்டுத்தான் கெடந்தேன். பழைய மாதா மகனையும் பாக்கும், என்னயும் பாக்கும். நீயும் பறிகொடுத்தவளான்னு கேக்குற மாதிரி இருக்கும்."

ஆவுடையப்பனும் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். பிழை புரிந்தது. தேர் பார்ப்பவர்கள் தெருவில் நிற்பார்கள்; அந்த உயரத்துக்கே கை பழகியிருந்தது.

"நின்னு கும்புடுற சனத்துக்குச் செஞ்சிட்டேன். இறக்கிருவோம்."

"திருநாள் கிட்டக்க வந்துருச்சேண்ணே."

"வரட்டும்."

அடிப்பலகையின் முன்விளிம்பை அடிப்பக்கமாக இழைத்தார், ஏற்றினார், மண்டியிட்டுப் பார்த்தார், மறுபடி இறக்கினார். கடைசியில் முகம் ஒரு நூல் அளவு முன்னால் சாய்ந்தது.

சவரியம்மாள் மண்டியிட்டாள். நெடுநேரம் எழவில்லை.

ஆவுடையப்பன் சுரூபத்திலிருந்து கையை எடுத்தார்.

"இனி ஒங்க மாதா, தாயி."