ஓடாத குட்டி

எங்கள் ஊரில் நாய்க்குட்டி வாங்கப் போகிற சிலர் சட்டைப் பையில் ஒரு வெடியையும் போட்டுக்கொண்டு போவார்கள். எல்லாரும் இல்லை. நாய் விஷயத்தில் விவரமானவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்கிறவர்கள். குட்டிகள் தட்டைச் சுற்றிப் பால்சோறு தின்னும்போது பத்தடி தள்ளி வெடியைக் கொளுத்திப் போட வேண்டும். ஓடுகிற குட்டி வேண்டாம். தலையைத் தூக்காமல் தின்கிற குட்டிதான் நாய். நானும் விவரமானவள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வீடு ராஜபாளையத்துக்கு வெளியே, கடைசித் தெருவில். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று ஓடிக்கொண்டிருப்பார். நான் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர், ஷிப்டு வேலை. ஆளில்லாத நேரம் பார்த்து யாரோ வாசலில் இருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் நாய் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

சோழபுரத்தைத் தாண்டி ஒரு தோட்டத்தில் குட்டிகள் இருந்தன. நான்கு. பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். தோட்டக்காரர் நான் சொல்வதற்கு முன்பே வெடியைப் போட்டார். மூன்று குட்டிகள் சிதறி ஓடின. ஒன்று மட்டும் அசையவில்லை. மற்றவை போனது நல்லதாகப் போயிற்று என்று தட்டு முழுவதையும் நக்கியது.

"பாத்தீயளா அக்கா? காட்டுப்பன்னி வந்தாலும் இவன் இப்படித்தான் நிப்பான்."

அவனைத் தூக்கிக்கொண்டேன். தென்னை ஓலைக் குவியலுக்குள் ஒளிந்த ஒரு பெட்டையை என் வீட்டுக்காரர் வெளியே எடுத்தார். அது அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"இதையும் எடுத்துக்கிடுவோம்ட்டி. சோடியா இருக்கட்டும்."

"இந்தப் பயந்தாங்கொள்ளியையா? மடியில வச்சுக் கொஞ்சுறதுக்கா?"

"கொஞ்சிட்டுப் போறேன். ஒன்னயவா கொஞ்சச் சொன்னேன்?"

தோட்டக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இரண்டும் வீட்டுக்கு வந்தன.

சிவகாசி பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் வெடி போடத் தீபாவளி வர வேண்டியதில்லை. காது குத்துக்கு வெடி, சாவுக்கு வெடி, கட்சி ஜெயித்தால் வெடி. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டை கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். உடம்பு முழுவதும் நடுங்கும், வாயில் எச்சில் ஒழுகும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போகும். மறுநாள் வரை சோறு தொட மாட்டாள். அவனோ வாசற்படியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பான்.

"உங்கூடப் பொறந்தவந்தான? எப்படிக் கெடக்கான் பாரு. வெக்கமா இல்ல?" என்று அவளைத் திட்டுவேன். ஒருமுறை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துச் செருப்பால் அடித்தேன். நாய்க்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுக்கப் பார்த்த ஆள் நான்.

எதிர்வீட்டு மதினிக்கு வாய் சும்மா இருக்காது. கோலம் போட்டுக்கொண்டே கேட்பாள்.

"ஏ மதினி, ஒங்க வீட்டு ராசபாளையத்து நாயி கட்டிலுக்கடியில நல்லாக் கோலம் போடுதாம்ல?"

"ஒங்க வீட்டுக்காரரு போடுறத விடக் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவர் குடிக்கிறவர். மதினி ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. இந்த ஊர்ப் பேரைச் சொல்லி ஊர் ஊராக நாய் விற்கிறார்கள். என் வீட்டில் மட்டும் இப்படி ஒன்றா?

இருபது வருஷம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்கள் ஓடுகிற ஷெட்டில் நின்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் நாள் காதைப் பொத்துவார்கள். பத்தாம் நாள் அதே சத்தத்துக்குள் நின்று கதை பேசுவார்கள். சத்தம் பழகிவிடும், பழக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். யோசித்துத்தான் நினைத்தேன். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

முதல் தீபாவளி அன்று காலையில் இரண்டையும் வாசல் கேட்டில் பக்கத்தில் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். அவனைப் பார்த்து அவள் கற்றுக்கொள்வாள் என்பது கணக்கு. தெருவே வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தலையில் எண்ணெயோடு வெளியே வந்தார்.

"அவள அவுத்து விடுட்டி. பாவம், வாயெல்லாம் நொரை தள்ளுது."

"நீங்க போயிக் குளிங்க. நாய் விசயத்துல வராதீங்க."

அவர் உள்ளே போனார். நானே ஒரு சரவெடியை எடுத்து வந்து கேட்டுக்கு எதிரே கொளுத்தினேன். அவள் சங்கிலியை இழுத்தாள், சுற்றினாள், கேட்டுக் கம்பியைக் கடித்தாள். கம்பியில் ரத்தம் தெரிந்தது. நான் அவிழ்க்கவில்லை. இன்னொரு சரம் போட்டேன். அது பாதி வெடிப்பதற்குள் அவள் படுத்துவிட்டாள். இழுக்கவில்லை, கத்தவில்லை.

உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். "பாத்தீயளா? பழகிட்டா!"

அவள் கண்கள் திறந்துதான் இருந்தன. எதையும் பார்க்கவில்லை. அதைப் பழக்கம் என்று நம்பினேன்.

மூன்று நாள் கழித்து அவள் தாடை வீங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார், தினமும் இவர் பஸ்ஸில் ஏறுகிறவர். அவனுக்கும் தடுப்பூசி போட வேண்டியிருந்ததால் லோடு ஆட்டோவில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

டாக்டர் முதலில் அவனுக்கு ஊசி போட்டார். மருந்து எடுக்கும்போது எவர்சில்வர் தட்டு ஒன்று அவர் கையிலிருந்து நழுவி அவன் வாலுக்குப் பின்னால் விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். அவள் மேஜைக்கு அடியில் நுழைந்தாள். அவன் திரும்பவில்லை. டாக்டர் அவனையே பார்த்தார். பிறகு அவன் முதுகுப் பக்கம் போய்க் கை தட்டினார். விசில் அடித்தார். தட்டை எடுத்து மறுபடி வேண்டுமென்றே போட்டார்.

"ஏம்மா, இவனுக்குக் காது கேக்காதுன்னு தெரியுமா?"

"இவனுக்கா? வெடி போட்டாலே அசைய மாட்டான் சார்."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்."

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "வெள்ளையா இருக்கணும், இன்னும் வெள்ளையா இருக்கணும்னு பாத்துப் பாத்து நாயச் சோடி சேக்கிறீங்க. அதுல சிலது பொறக்கும்போதே செவிடாப் பொறக்கும். வெடி போட்டு ஓடாததத் தேடி எடுத்தா அதுதான் கையில கெடைக்கும். ஓடுன குட்டியெல்லாம் நல்ல குட்டிம்மா."

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கூப்பிட்டால் அவன் வர மாட்டான். ஆம்பளைத் திமிர் என்று ரசித்திருக்கிறேன். தூங்கும்போது தொட்டால் கடிக்க வருவான். வீரம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுப் பக்கம் யார் வந்தாலும் அவள்தான் முதலில் எழுந்து குரைப்பாள். அவள் எழுவதைப் பார்த்துத்தான் அவன் எழுவான். வீட்டைக் காவல் காத்தது அவள். கறித்துண்டை அவன் தட்டில் போட்டவள் நான்.

டாக்டர் அவள் வாயைத் திறந்தார். கோரைப்பல் பாதியில் உடைந்து வேர் சீழ் பிடித்திருந்தது.

"இது எப்படி ஒடஞ்சிச்சு?"

"கேட்டுக் கம்பியக் கடிச்சதுல சார்."

"ஏன் கடிச்சிச்சு?"

வீட்டுக்காரர்தான் சொன்னார். "சங்கிலியில கெடந்துச்சு சார்."

கட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

பல்லைப் பிடுங்கிய பிறகு, அவள் வெடிப் பயத்துக்கு டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தோம். அடுத்த தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே போனில் வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, கூடவே அவித்த கோழி ஈரல் கொடுத்துப் பழக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒரு புள்ளி சத்தம் கூட்ட வேண்டும். தீபாவளி அன்று விடிவதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிட வேண்டும், வெடி தொடங்கும் முன் மாத்திரை, அடைத்த அறை, ஓடுகிற ஃபேன். மில்லில் சொல்லிக் கழிவுப் பஞ்சு நான்கு மூட்டை வாங்கி வந்தேன். நடு அறை ஜன்னல் முழுவதும் பஞ்சை அடைத்து, மேலே பழைய மெத்தையைச் சாய்த்து, கதவுக்குக் கீழே துணி வைத்தேன். தெருவில் யாராவது என் கேட்டுக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் விளக்குமாற்றோடு போனேன். மதினி, "இவளுக்கும் நாய்க்கும் சேத்து ஊசி போடணும்" என்றாள். போட்டால் போடட்டும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது, ஒன்றைத் தவிர. வீட்டுக்காரர் போனைப் பிடித்தால் அவள் ஈரலைத் தின்பாள். நான் பிடித்தால் தின்ன மாட்டாள். சத்தம் போடாமல் வெறும் போனை வைத்தாலும் தின்ன மாட்டாள். டாக்டரிடம் கேட்டோம்.

"ஒங்க கைக்கும் வெடிக்கும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாம்மா. அவுக்க நாளாகும். அவுழாமலும் போகும்."

இரண்டாவது தீபாவளிக்கு வீட்டுக்காரர் அவளோடு உள்ளே உட்கார்ந்தார். நான் வெளியே இருந்தேன். அவள் நடுங்கினாலும் எச்சில் ஒழுக்கவில்லை, சாயங்காலமே சோறு தின்றாள் என்று அவர் சொன்னார். பார்க்கிற பாக்கியம் எனக்கு இல்லை.

போன தீபாவளிக்கு அவருக்கு ஸ்பெஷல் பஸ் டூட்டி போட்டுவிட்டார்கள். நானும் அவளும் அவனும்தான் வீட்டில். மாத்திரையை அவர் போவதற்கு முன் கொடுத்திருந்தார். முதல் வெடி கேட்டதும் நான் அவை இரண்டும் இருந்த நடு அறைக்குள் போய் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் என்னைப் பார்த்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன். பேசவில்லை. பேசினால் என் குரல் திட்டுவது போலத்தான் வரும், மில் குரல்.

வெகு நேரம் கழித்து அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் படுத்தான். அவனுக்கு அன்றும் மற்ற நாள் போலத்தான். அவன் படுத்ததைப் பார்த்து அவளும் மெதுவாக வெளியே வந்தாள். அவனுக்கு அந்தப் பக்கம், அவன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே அவன் ஒருவன்தான். இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததே இல்லை.

தெருவில் ஒரு பத்தாயிரம் வாலா ஆரம்பித்தது. பஞ்சையும் மீறி வந்தது. நான் அவன் முதுகில் கை வைத்தேன். அவளைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அவள் நடுக்கம் அவன் உடம்பு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அவள் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை. வெடி ஓய்ந்தது. பார்வை நகரவில்லை.

நான் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். அவள் தலையைத் தரையில் வைத்தாள்.