பென்ஷன் வாங்கிய முழங்கால்

கீழே விழுந்த பேனா மூடியைக் குடைப்பிடியால் இழுப்பது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை. கண்டிக்கு வந்து நானாகக் கற்றுக்கொண்ட வித்தைகளில் அதுவும் ஒன்று. மூடி மேஜைக்கு அடியில் ஓடிவிடும். நான் கதிரையை விட்டு எழாமல் குடையை நீட்டுவேன். சுவரோரம்வரை உருட்டிக்கொண்டு போவேன். பிறகு தப்பால்காரன் கடிதப் பையோடு வரும்வரை அதற்குக் காவல் இருப்பேன். அவன் வந்து ஒரு நொடியில் குந்தி, எடுத்து, மேஜையில் வைத்துவிட்டுப் போவான். குனிந்து எடுத்தால் என்ன என்று ஊரிலிருக்கும் நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது, ஐயா!

நம் பக்கத்தில் நாற்காலி என்பதை இங்கே கதிரை என்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை, அதற்கு ஒரு பதவியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கர். வந்த முதல் வாரம், தென்காசிப் பக்கத்துப் பழக்கத்தில், கடிதக் கட்டுகளைத் தரையில் பரப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். துரை உள்ளே வந்தார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரருக்கு இங்கே அதுதான் பெயர். கூலியாட்களிடம் கற்ற ஒரு தமிழை அவர் அதிகாரத்தோடு பேசுவார்.

"என்னா கிளாக்கர், சீக்கா?"

"இல்லை துரை, சுகமாகத்தான் இருக்கிறேன்."

"பின்னே என்னாத்துக்குக் கீழே விழுந்து கெடக்குது?"

விழவில்லை, உட்கார்ந்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் மருந்து ஒரு புட்டியும் கதிரை ஒன்றும் வந்து சேர்ந்தன. மருந்தைக் கொட்டிவிட்டேன். கதிரையைக் கொட்ட முடியாதே, அதில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தேன். ஆபீஸில் ஒரு கதிரை, குவாட்டர்ஸில் ஒரு கதிரை, பகல் சாப்பாட்டுக்கு மேஜை. லயத்து வரிசை வீடுகளில் எழுபது வயதுக் கிழவி அடுப்பு முன்னால் குந்தி, ஊதுகுழலை வைத்துவிட்டு, கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்து போவாள். அதைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. பாவம், கதிரைக்கு வழியில்லாதவள் என்று இரக்கப்பட்டேன். அப்படி ஒரு மேதாவி நான்.

இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் கப்பல் ஏறினேன். அப்போது மகள் கோமதிக்கு ஆறு மாதம். என் மனைவி சிவகாமி ஒரே ஒரு முறை இங்கே வந்து மூன்று மாதம் இருந்தாள். மழையும் அட்டைக் கடியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு குழந்தையோடு என் தம்பி சண்முகத்தின் வீட்டில்தான் இருப்பு. நான் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டி நிறையச் சாமானோடு போய், ஒரு மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு வருவேன். இதற்குப் பெயர் குடும்பம் நடத்துவது. இங்கே இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் இதே மாதிரி நடத்துகிறவர்கள்தான், எனக்குத் தெரியும்.

கடைசியாகப் போன தடவை உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் சுவரைப் பிடித்து, முனகி, ஒரு வழியாக இலைக்கு முன்னால் இறங்கினேன். ஒரு கால் மடங்கியது; மற்றது பக்கத்து இலைக்காரரின் பாயசத்தை நோக்கிப் போனது. சாப்பிட்டு முடிந்ததும் எழ முடியவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் தலைக்கு மேல் நிற்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கினார்கள். கண்டியில் கிளாக்கர் ஐயா. ஊரில் எச்சில் இலைக்கு முன்னால் மாடு.

அதை மனதில் வைத்துத்தான் சண்முகம் கடிதம் எழுதினான். கோமதிக்கு வரன் முடிந்துவிட்டது. கல்யாணம் தை மாதம். "அண்ணாச்சிக்குத் தெரியாதது இல்லை. தாரை வார்க்கும்போது பெற்றவர்கள் இருவரும் ஜோடியாக மணையில் முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டு இருக்க வேண்டும். போன தடவை தாங்கள் பட்ட சிரமத்தைப் பார்த்தோம். ஆகையால் நானும் என் வீட்டாளும் அமர்ந்து கொடுத்துவிடுகிறோம்" என்று மரியாதையாக எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கோமதிக்கு மாந்தம் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடியவன் அவன். ஆனால் கடிதத்தின் அடியில், கோணல் எழுத்தில் சிவகாமி இரண்டு வரி சேர்த்திருந்தாள். "நீங்கள் உட்காராவிட்டால் எனக்கும் மணை கிடையாது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்."

அந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேனோ! பதினெட்டு வருஷம் தனியாக அந்தப் பெண்ணை வளர்த்தவள் அவள். அந்த ஒரு முக்கால் மணி நேரம் எல்லார் முன்னாலும் தாய் என்று உட்காரப் போகிறாள். அதுவும் என் முழங்காலை நம்பி இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது.

முதலில் கண்டி டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், மகா கெட்டிக்காரர் என்று பெயர். கதிரையில் ஊற்றி உறையவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முழங்காலை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அம்பது வயசாச்சுதோ?"

"ஆகிவிட்டது."

"ஓம், அப்ப இப்பிடித்தான். இனி மடக்காதேங்கோ. கதிரையில இருங்கோ."

எந்த வியாதிக்காகப் போனேனோ அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து போய், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மடவளை ஹாஜியாரின் துணிக்கடைக்கு ஏறினேன். கல்யாணத்துக்குப் புடவை பார்க்கலாம் என்று எண்ணம். ஹாஜியார் கடையின் பின்பக்கம் அசர் தொழுதுகொண்டிருந்தார். காத்திருந்தேன். குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார், கால்களை மடக்கி அமர்ந்தார், எழுந்தார். எழுபத்திரண்டு வயது. ஒரு முனகல் உண்டா? ஒரு "அப்பாடா" உண்டா? புடவையை மறந்து அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எங்கட மொழங்காலுக்கு நாங்க ஒரு நாளைக்கி அஞ்சு நேரம் வேல குடுக்குற. ஒங்கட மொழங்கால் பதினெட்டு வருஷமா பென்ஷன்ல ஈக்கி, கிளாக்கர் ஐயா."

"இனித் திரும்ப வேலைக்கு வருமா?"

"திடீரெண்டு கூப்பிட்டா வராது. மெல்ல மெல்ல எறங்குங்க. மொதல்ல தேயிலப் பெட்டி, பொறகு அரிசிச் சாக்கு, பொறகு பலக, பொறகு பாய். அவசரப்படப்படாது."

ஒரு வேதாந்தமும் பேசவில்லை. பேசி முடித்ததும் புடவையில் ஒன்றுக்கு இரண்டாகத் தலையில் கட்டிவிட்டார்.

குவாட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். ஒரு மனிதன் தன் வீட்டில் தரையில் உட்கார்வதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டியிருக்கிறது பாருங்கள்! முதல் மாதம் தேயிலைப் பெட்டி. அதிலேயே தொடைகள் இரண்டும் கூச்சல் போட்டன. இரண்டாம் மாதம் அரிசிச் சாக்கு. சாக்கில் உட்கார்ந்து நான் "முருகா, முருகா" என்று பல்லைக் கடித்தது வெளியே கேட்டிருக்கிறது. கிளாக்கர் ஐயா மந்திரம் பழகுகிறார் என்று லயத்தில் பேச்சாகிவிட்டது. ஒரு பெண் விபூதி கேட்டு வாசலில் வந்து நின்றாள். கொடுத்தேன். நான்காம் மாதம் பலகை. ஐந்தாம் மாத முடிவில் பாய்க்கு வந்துவிட்டேன். சம்மணம் முழுசாக இல்லை, முக்கால் சம்மணம். அதற்கே எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தலைக்கனம்தான் என்னை ஆராச்சி வீட்டில் கவிழ்த்தது. மலையடிவாரத்துச் சிங்கள ஊருக்கு அவர்தான் தலைவர். அந்த ஊர் எருமைகள் தேயிலைக்குள் புகுந்ததால், பேசிவரத் துரை என்னை அனுப்பினார். வராந்தாவில் எனக்கு ஒரு கதிரை; பக்கத்தில் ஒரு பெஞ்சு; ஓரத்தில் ஒரு பாய். ஆராச்சி தன் கதிரையில் அமர்ந்து என் கதிரையைக் காட்டினார். என் வித்தையைக் காட்ட இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பாயில் போய் அழகாக அமர்ந்தேன்.

"எப்பா, எப்பா, மஹத்தயா!" என்று ஆராச்சி பதறினார். வேண்டாம் வேண்டாம் என்கிறார்.

"பரவாயில்லை, இதுதான் எனக்குப் பழக்கம்" என்று சிரித்தேன்.

கண்டிச் சீமையில் யார் கதிரை, யார் பெஞ்சு, யார் பாய் என்பது பிறக்கும்போதே எழுதப்பட்ட விஷயம் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். அந்தப் பாய் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு. இதுதான் என் பழக்கம் என்று நானே வாயால் சொல்லியாகிவிட்டது. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது, யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று அங்கேயும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். இங்கே அதற்கு மரச்சாமான் வேறு. எருமைகளைப் பற்றி ஆராச்சி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவை இன்றும் உரிமையோடு வந்து மேய்கின்றன.

மறுநாள் துரை கூப்பிட்டார். "கிளாக்கர், ஆராச்சி வீட்டிலே பாயிலே குந்தினது நெசமா? தோட்டத்துப் பேரு போச்சு!"

"மகளுக்குக் கல்யாணம், துரை. கீழே உட்கார வேண்டும். அதற்குத்தான் பழகுகிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான பரிதாபம் இருந்தது. "ஒங்க ஊருலே கதிரை இல்லையா? ஆபீஸ் கதிரை ரெண்டு கொண்டு போ."

நல்ல மனிதர். எனக்குத்தான் கதிரையைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறும் பாக்கியம் இல்லை.

ஊருக்கு நான் "வருகிறேன்" என்று மட்டும் எழுதினேன். பழகும் சங்கதியை மூச்சு விடவில்லை. நேரில் உட்கார்ந்து காட்டி எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குப் பலன், நான் போய் இறங்கும்போது எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது. முகூர்த்தத்தன்று பந்தலுக்குள் நுழைகிறேன். மணைக்குப் பக்கத்தில், துண்டு விரித்து, ஒரு பிரம்புக் கதிரை!

"இதுல இருங்க, அண்ணாச்சி. போஸ்ட் மாஸ்டர் வீட்டுல கேட்டு வாங்கியாந்தேன். கண்டி மாமான்னா எப்படி இருப்பாகன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கட்டும்" என்றான் சண்முகம். அவன் பட்டு வேஷ்டி கட்டியிருந்தான். அவன் வீட்டாள் மணைப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

நான் சிவகாமியைத் தேடினேன். அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். ஹாஜியார் கடைப் புடவைதான் உடுத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"சண்முகம், கதிரையில நீ இரு. ரொம்ப சொகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மணையில் இறங்கி உட்கார்ந்தேன். வலது காலை மடக்கினேன். இடது காலையும் மடக்கினேன். பந்தலே வேடிக்கை பார்த்தது.

"ஏளா, வா" என்றேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வார்த்த தண்ணீர் என் கை வழியாக, கோமதியின் கை வழியாக, மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. சிவகாமி அழுதாள். நானும் அழுதேன். என் கண்ணீரில் பாதி முழங்காலுடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இருப்பது என்னுடையதுதானா என்றே தெரியவில்லை. ஹாஜியார் சொல்லிக்கொடுத்தது இறங்குவதை மட்டும்தான். எழுவதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

"வலிக்கா?" என்றாள் சிவகாமி, உதடு அசையாமல்.

"வலிக்கு."

"எந்திரியாதீய. எல்லாரும் பந்திக்குப் போவட்டும்."

அவளும் எழாமல் பக்கத்திலேயே இருந்தாள். பார்த்தவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த அலுப்பில் இருவரும் சற்று உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். பந்தல் காலியானதும் தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

இப்போது மறுபடி ஹந்தானையில் இருக்கிறேன். வாசற்கதவு திறந்திருந்தால் கதிரையில் இருக்கிறேன். சாத்தியிருந்தால் பாயில் இருக்கிறேன். தினமும் பாயில் உட்கார்வதைப் பெருமையாக ஊருக்கு எழுதினேன். பதிலின் அடியில் அதே கோணல் எழுத்து: "உட்காருகிறீர்கள், சரி. அங்கே எழுப்பிவிட யார் இருக்கிறார்கள்?"

கதிரை இருக்கிறது. பாயில் உட்கார்ந்து முடிந்ததும் அதன் காலைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன். இதை அவளுக்கு எழுதக் கை வரவில்லை.