நூற்று நாற்பத்தாறு வரிகளிலும் ஒரே பெண்

கல்லூரியின் அச்சுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கம் அமைத்து வருபவரை எல்லோரும் பேக்கப் அக்கா என்றே அழைத்தார்கள். எந்தக் கோப்பையும் மூன்று இடங்களில் சேமித்த பிறகே இருக்கையை விட்டு எழுவார் என்பதால் வந்த பெயர் அது. படித்தது தாவரவியல். வினாத்தாள் தட்டச்சு செய்ய வந்தவர், கணக்குத் துறையின் சூத்திரங்கள் படுத்திய பாட்டில் லேடெக் மென்பொருளைக் கற்றுக்கொண்டார். அதில் கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டால் பக்கங்கள் தாமே அடுக்கிக்கொள்ளும். கணவரின் தங்கைதான் அதே அறையில் மெய்ப்புத் திருத்துபவர். வீட்டில் ஒரே கூரை, வேலையில் ஒரே மின்விசிறி. நாத்தனாரின் வாய்க்கு இரண்டு இடத்திலும் பூட்டு கிடையாது.

சென்ற ஆண்டுப் பட்டமளிப்பு மலரின் பெயர்ப் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்தபோது மூன்று பெயர்கள் விடுபட்டுப் போயின. மூன்று குடும்பங்களும் பதிவாளரின் அறை வாசலில் வந்து நின்றன. இந்த முறை ஒரு பெயர் பிசகினாலும் மலர் வெளி அச்சகத்துக்குப் போய்விடும் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். "ஒண்ணும் பிசகாது சார், பட்டியல் தானா உருவாகும்," என்று அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஏற்பாடு எளிமையானதுதான். 'பெயர்' என்று ஒரு மேக்ரோ, அதாவது உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டே போகக்கூடிய ஒரு சுருக்கச் சொல். ஒவ்வொரு மாணவரின் குறிப்பு தொடங்கும்போதும் அவருடைய பெயர் அதில் ஏறும். கூடவே பெயரும் பக்க எண்ணும் பட்டியலில் ஒரு வரியாகச் சேரும்.

மலர் அச்சேற வேண்டிய நாளன்று காலையில் மலரின் கடைசிப் பகுதியான பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. நாத்தனார் அதை எடுத்துப் பார்த்தார். கையிலிருந்த அளவுகோல் மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டது. அதுவே ஒரு கெட்ட சகுனம்.

"அண்ணி, இந்தப் பொண்ணு ஒருத்தியே நூத்தி நாப்பத்தாறு பட்டம் வாங்கியிருக்கா."

"கிண்டல் பண்ணாத."

"நீங்களே பாருங்க. எல்லா வரியிலயும் அவதான். எல்லாம் எழுபத்தி நாலாம் பக்கம்."

மலரின் கடைசி மாணவி அவள். அச்சு இயந்திரக்காரரும் எட்டிப் பார்த்தார். "மூணு மணிக்குப் பதிவாளர் வராரு அக்கா. அவர்கிட்ட நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு சொல்லிடலாமா?"

அக்கா சிரித்துவிட்டார். நூற்று நாற்பத்து மூன்று பேரை நீக்கிவிட்டு, மூன்றே மூன்று பேரை வைத்து ஓட்டிப் பார்த்தார். மூன்று வரியிலும் மூன்றாமவர். அப்போதுதான் பிடிபட்டது.

"பட்டியல்ல பெயரே ஏறலடி. 'பெயர்ங்கிற மேக்ரோல இருக்கிறவங்களப் போடு'ன்னு நூத்தி நாப்பத்தாறு சீட்டுதான் ஏறியிருக்கு. கடைசில பிரிச்சுப் பாக்கறப்ப அதுல யாரு இருப்பா?"

"கடைசியா உக்காந்தவ."

"அதான்."

'டெஃப்' என்றிருந்த கட்டளையை 'ஈடெஃப்' ஆக்கினார். அந்தந்த நொடியில் இருக்கும் மதிப்பையே பிரித்துப் பதிந்து வைப்பது அது. நூற்று நாற்பத்தாறு பெயர்களும் வரிசை கட்டி வந்தன. இயந்திரக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் நாத்தனார். அளவுகோலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திப் பக்கங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். "பெயர் சரி. பக்க எண் சில பேருக்கு ஒண்ணு கம்மி. பக்கத்தோட தலைமாட்டுல ஆரம்பிக்கிறவங்களுக்கு மட்டும்."

அக்கா நெற்றியைத் தேய்த்தார். மென்பொருள் ஒரு குறிப்பைப் படித்து முடித்த பிறகுதான் அது இந்தப் பக்கத்தில் அடங்குமா, அடுத்ததற்குத் தள்ளவேண்டுமா என்று முடிவு செய்யும். எண்ணையும் அவசரப்பட்டு உடனே பதியச் சொன்னால், தள்ளப்பட்டவருக்குப் பழைய பக்கத்தின் எண்தானே கிடைக்கும்?

"பெயர உடனே பதியணும். எண்ணப் பக்கம் முடியிற வரைக்கும் திறந்தே விடணும். ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிட்டேன்."

"எங்க அண்ணனயும் என்னையும் ஒரே கயித்துல கட்டி மேய்க்கிறீங்களே, அந்தப் பழக்கம்."

வரிகளை ஒரு தனிக் கோப்பில் எழுத வைத்தார். பெயர் அப்போதே பிரிந்து பதிந்தது; எண்ணுக்கு மட்டும் 'இப்போது பிரிக்காதே' என்று ஒரு தடை போட்டார். எழுத ஒரு முறை, எழுதியதைப் படிக்க ஒரு முறை என்று இரண்டு முறை ஓட்டினார். நாத்தனாரின் அளவுகோல் முதல் வரியிலிருந்து மறுபடி இறங்கியது. நூற்று நாற்பத்தாறாவது வரியில் நின்றது. "ம்," என்றார். வீட்டிலும் அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

பதிவாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு பெயர்களில் விரல் வைத்து, பக்கங்களைப் புரட்டினார். ஏழும் சொன்ன இடத்தில் இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சுக்கு விடுங்க. வெளி அச்சகத்துக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னுடறேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு ஒண்ணு இருக்கும்மா. நானூறு பேரு. அதையும் இங்கயே..."

மேசைக்கடியில் நாத்தனார் அண்ணியின் காலை மிதித்தார்.

"ஒருத்தருக்கு எத்தனை வழிகாட்டிங்க வரைக்கும் வருவாங்க சார்?" என்று கேட்டபடியே அக்கா புதிய கோப்பு ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார்.