எங்கள் வீட்டுச் சைவ நாய்

நாய் வளர்ப்பது எப்படி என்று இப்போது ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தி தேவைப்பட்டதே இல்லை. என் மாமனாருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இந்த நாய் வரும்வரை அவர் ஒரு நாயைக்கூட வளர்த்ததில்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. அவருக்குச் சுத்தமாகப் படவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. கீழமாசி வீதியில் எங்களுக்கு மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். வீடு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி. தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டைக்காரன் எங்கள் வாசலைக் கடக்கும்போது கூடையை அந்தப் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போகவேண்டும் என்பது மாமனாரின் எதிர்பார்ப்பு. பாவம், சிலர் மாற்றிக்கொண்டும் போனார்கள்.

கோச்சடைப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். அவருக்கும் மாமனாருக்கும் அப்படி என்ன நெருக்கம் என்றால், பங்களாச் சமையலுக்கு எங்கள் கடையிலிருந்துதான் மிளகாய் போகும். அந்த நெருக்கத்தில் துரை தன் நாயை இவர் தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறினார். மாமனார் அதை, "துரை எனக்குன்னே விட்டுட்டுப் போனாரு" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

நாயைக் கொண்டுவந்து விட்ட பட்லர், அதை எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வாசலில் நின்றே சொன்னான். மத்தியானம் கறி, அவ்வப்போது பெரிய எலும்பு, சின்ன எலும்பு ஆகவே ஆகாது, குடிக்கத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும், சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். கறி என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமனார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஆகையால் மிச்சம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

பட்லர் போனதும் எங்கள் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். மாமியார், என் வீட்டுக்காரர், நான், நடுவில் நாய். பழுப்பு நிறம், தொங்கல் காது, எங்கள் நால்வரில் யார் சோறு போடப்போகிறவர் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டு உப்பைத் திங்கிற எந்த ஜீவனும் சைவந்தேன்" என்றார் மாமனார். தீர்ப்பு ஆகிவிட்டது.

அதற்கு ஒரு சாமி பெயரும் வைத்தார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். வாசலில் நின்று நாயைக் கூப்பிட்டால் தெருவில் நாலு பெரிய மனுஷர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சொன்னால் போதும்.

சாப்பாடு வாழையிலையில்தான். முதலில் பருப்புஞ்சாதம் நெய் விட்டு, அடுத்து ரசஞ்சாதம், கடைசியில் மோர்ச்சாதம். வரிசை மாறக்கூடாது. நாய் சாதத்தைத் தின்றுவிட்டு இலையையும் சேர்த்துத் தின்றது. மாமனார் அதைப் பார்த்து, எச்சில் இலை எடுக்கிற வேலைகூட வைக்காத ஜீவன் என்று பூரித்துப்போனார். பிரதோஷத்தன்று அதற்கும் விரதம். அது விரதம் இருந்ததா, சோறு போடாததால் சும்மா கிடந்ததா என்று நான் கேட்கவில்லை. மருமகள் கேள்வி கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

சனிக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல். மாமனாருக்கு உண்டு, என் வீட்டுக்காரருக்கு உண்டு, எனவே நாய்க்கும் உண்டு. நல்லெண்ணெயைத் தலையிலிருந்து வால்வரை தேய்த்து ஊறவைத்துச் சீயக்காய் போட்டு அலசுவார். கண்ணில் சீயக்காய் விழுந்த நாய் வீடெல்லாம் ஓடிச் சுவரெல்லாம் உரசும். அந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவுகிற புண்ணியம் எனக்குக் கிடைத்தது. குளித்து முடித்ததும் நெற்றியில் விபூதி. கழுத்தில் முனிசிபாலிட்டி வில்லை இல்லாத நாயைப் பிடித்து அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்பதால் அதையும் வாங்கி வந்து கட்டினார், கூடவே ஒரு ருத்திராட்சமும். சர்க்காருக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று.

குளிப்பாட்டினாரே தவிர உண்ணி பொறுக்குகிற வேலை அவர் அகராதியில் இல்லை. காதுக்குள்ளே துவரம்பருப்பு மாதிரி உப்பிக்கொண்டு கிடந்த உண்ணிகளை மத்தியானத்தில் உட்கார்ந்து நான்தான் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். தண்ணீருக்கு எந்தப் பாத்திரத்தைக் கொடுப்பது என்று ஒரு வாரம் யோசனை நடந்தது. அதற்குள் நாய் செத்துப்போய்விடும் என்று தோன்றியதால் உடைந்த பானையின் அடிப்பாகத்தில் நானே தண்ணீர் ஊற்றி வைத்தேன். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு தம்ளரில் பிடித்துவிடலாம். சமையற்கட்டு நிலைப்படியை நாய் தாண்டக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம். நாய் அதை மீறியதே இல்லை. அந்த வீட்டில் யாருக்குப் பயப்படவேண்டும் என்று அதற்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது.

சைவ நாய் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. மாமனாரின் கோயில் சிநேகிதர்கள் பார்க்க வந்தார்கள். "அம்புட்டும் மோர்ச்சோறா?" என்று வாயைப் பிளந்தார்கள். எழுமலையிலிருந்து மிளகாய் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரர்கள்கூட மூட்டையை இறக்கிவிட்டு நாயைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள். மாமனார் வியாபாரத்தைவிட நாயைப் பற்றித்தான் அதிகம் பேசினார். மனுஷன் கட்டுப்பாடாக இருந்தால் மிருகம் தானே கட்டுப்படும் என்று சொல்வார். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத ஆள் இல்லை.

நாயோ இளைத்துக்கொண்டே போனது. விலா எலும்பு தெரிந்தது, முதுகில் முடி கொட்டியது. மாமனார் அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைத்தார். ஒரு முட்டையாவது கொடுத்தால் தேவலை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார், பிறகு கதவைச் சாத்தினார், அதற்குப் பிறகும் பதில் சொல்லவில்லை. அவர் அப்பாவுக்கு எதிராக அவர் செய்த அதிகபட்சக் கலகம் அதுதான்.

அப்புறம் ஒருநாள் மாமனாருக்குத் தானாகவே ஞானம் வந்தது. நாயைச் சாயங்காலம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்றார். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வைகை மணலுக்குப் போவார். விளக்கு வைத்த பிறகு வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வருவார். மாசம் இரண்டு ஆவதற்குள் நாய்க்குச் சதை பிடித்தது, முடி மின்னியது. மாமனாருக்கும் முகம் தெளிந்தது. ஆற்றுக் காற்று என்றார். மோர்ச்சோற்றின் குணம் மெதுவாகத்தான் தெரியும் என்றார். நானும் நம்பினேன். என் காதில் எவ்வளவு பூ வேண்டுமானாலும் சுற்றலாம் அப்போது.

அந்த வருஷக் கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு வெறிநாய் புகுந்து நாலைந்து பேரைக் கடித்துவிட்டது. தெருவே கிலி பிடித்துக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு காலையில் எங்கள் நாய் வாயை மூடமுடியாமல் நின்றது. எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது, தலையைத் தரையில் வைத்துத் தேய்த்தது. சோறு வைத்தேன், முகர்ந்துவிட்டு முனகியது. அவ்வளவுதான், எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் வெறி என்று சொல்லிவிட்டார்கள். பத்து எண்ணுவதற்குள் தெரு முழுக்க அதே பேச்சு. நேற்றுவரை கும்பிட்டவர்கள் கையில் இன்று விறகுக்கட்டை.

நான் நாயைப் பின்கட்டு வேப்பமரத்தில் கட்டினேன். என் வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டு வந்தார். அவசரப்பட்டுக் கொல்லக்கூடாது, தனியாகக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கவேண்டும், நாய் நன்றாக இருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, எவர் கையும் அதன் வாய்ப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். முன்பே அது நக்கின கை யார் யாருக்கு இருக்கிறதோ, அவர்கள் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கலாம் என்றாராம். அது நக்காத கை எங்கள் வீட்டில் மாமியாருடையது மட்டும். என் வீட்டுக்காரர் உடனே படுத்துவிட்டார். ஊசி இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது, வலி மட்டும் வந்துவிட்டது.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பானைத் தண்ணீரைத் தள்ளி நின்றுதான் நகர்த்தி வைத்தேன். நாய் தண்ணீரைக் கண்டு மிரளவில்லை. ஆசையோடு வந்து வாயை உள்ளே விட்டது. நாக்கை ஆட்டமுடியாமல் தண்ணீரெல்லாம் வெளியே கொட்டியது. மறுபடி என்னைப் பார்த்தது. குடிக்க ஆசைப்பட்டுக் குடிக்கமுடியாமல் நிற்கிறது, வாய்க்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டில் எலும்பா முள்ளா, மோர்ச்சோறு போய் எங்கே சிக்கும் என்று கேட்டார். வாசலில் நின்றவர்களும் அதையே கேட்டார்கள். சைவ நாயின் வாயில் சிக்குவதற்கு என்ன இருக்கிறது? அது சைவமாக இருந்ததுதான் அதன் உயிருக்கு உலை வைத்துவிட்டது.

எல்லாம் தெரிந்த என் மாமனார் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. காலையில் நாயைப் பார்த்தவர் முகம் வெளுத்து, பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். விபூதித் தட்டு முன்னால் இருந்தது, கை அதன் மேல் போகவில்லை. நாயின் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக்கூட மனசு இளகியது.

மத்தியானம் முனிசிபாலிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தெருக்காரர்கள்தான் போய்ச் சொல்லிக் கூட்டி வந்தது. ஒருவன் கையில் சுருக்குக் கம்பி, இன்னொருவன் கையில் தடி. பின்கட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்ற கூட்டமும் பின்னாலேயே வந்து கொல்லைச் சுவரோரம் நின்றது. பத்து நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. நாய், வந்தவர்களைப் பார்த்து வாலை ஆட்டியது. சுருக்கு அதன் தலைக்கு மேல் இறங்கும்போதும் ஆட்டிக்கொண்டிருந்தது. வாய்விட்டு அழுதேன்.

"டேய், நில்லு."

மாமனார் பூஜை அறையிலிருந்து வந்து நின்றார். மேலில் துண்டுகூட இல்லை. கோயில் சிநேகிதர்கள் ஐந்தாறு பேர் சுவரோரம் நிற்கிறார்கள். அவர்களையும் பார்த்தார், நாயையும் பார்த்தார்.

"அதுக்கு வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து நாந்தேன் எலும்பு போட்டேன். வாயில மாட்டியிருக்கும்."

அந்த ஊரில் அவர் அறுபது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் ஒரு மூச்சில் போய்விட்டது. இத்தனை நாளும் அந்த மனுஷனை மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை. அப்போது ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. நல்லவேளை, விழவில்லை.

அவர் நேரே போய் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் சமையற்கட்டிலிருந்து மத்தையும் இடுக்கியையும் எடுத்து வந்தேன். வாய்க்கு நடுவே மத்தின் காம்பை அவர் குறுக்கே கொடுத்தார். மேலண்ணத்தில் இந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு விலா எலும்புத் துண்டு குறுக்காகப் பொருந்தி இறுகியிருந்தது. இடுக்கியால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். கழன்று கொல்லைக் கல்லில் விழுந்தது. நாய் ஓடிப்போய்ப் பானையில் வாய் வைத்தது. தண்ணீர் தீரும்வரை தலையை எடுக்கவில்லை. தடிக்காரன் சிரித்தான். சுவரோரம் நின்ற சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

மாமனார் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கம் சொன்னார். ஜீவகாருண்யம் என்றார். வாயில்லாப் பிராணி மெலிந்து போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆற்றங்கரைக் கடையில் வாங்கி அதற்கு மட்டும் போட்டேன், கையால்கூடத் தொடவில்லை என்றார். என் வீட்டுக்காரர் ஊசி போய்விட்ட சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

என் மாமியார் அதுவரை நிலைப்படிக்கு உள்ளேயே நின்றிருந்தார். வெளியே வந்தார். கல்லில் கிடந்த எலும்பைக் குனிந்து பார்த்தார். ஒரு நார் சதைகூட ஒட்டாமல் வழவழவென்று கிடந்தது அது.

"எலும்ப நாய்க்குப் போட்டீக, சரி. கறிய யாருக்குப் போட்டீக?"

மாமியார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் எடுத்து வந்து வேப்பமரத்தடியில் நாயின் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மாமனாருக்குச் சாப்பாடு அங்கேதான். வருஷம் ஒன்று கழிந்து மாமியாருக்கே மனசு கேட்காமல், உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார். மாமனார் வரவில்லை. நாய்க்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.