அரைவானம் அளந்த வானம்

அரைவானம். பிறப்பு: 1949 மார்ச் 3. இறப்பு: 2023 ஆகஸ்ட் 19. வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பதிவாளர்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, துல்லியம் என்று பட்டப்பெயர் பெற்ற முதியவர் பேனாவை மூடினார். ஓய்வூதியர் சங்க மலருக்கு நண்பரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதற்கு முன் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது: அரைவானம் தன்மேல் கோபத்தோடுதான் கண்ணை மூடினாரா?

இருவரும் முதல் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். வேலையிலும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பகல் முறை அரைவானத்துக்கு, இரவு முறை துல்லியத்துக்கு. மாலை ஐந்தரைக்கு முறை மாறும்போது, இருவரும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் சேர்ந்து நின்று வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. வானத்தை எட்டுப் பங்காகப் பாவித்து, மேகம் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று இருவரும் ஒத்துக்கொண்ட எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அரைவானம் கண்ணை மூடிக்கொண்டு நாலு என்பார். அதனால் அந்தப் பெயர். அதைச் சூட்டியவருக்குப் பதில் மரியாதையாகக் கிடைத்த பெயர்தான் துல்லியம்.

"மூணுடா. ஓரத்துல இருக்கிறது மேகமில்லை, புகை."

"புகையும் மேலே போனா மேகம்தானே? நாலுன்னு போடு, நான் வீட்டுக்குப் போகணும்."

"நீ வீட்டுக்குப் போறதுக்காக வானம் மூடிக்காது."

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பகலின் சூடு மிச்சமிருக்கும். அதில் முதுகைச் சாய்த்து இருவரும் அண்ணாந்து நிற்பார்கள். சற்று நேரத்தில் மேகம் நின்றுவிடும். நகர்வது கட்டடம் என்று தோன்றும். தொட்டி, வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டி, காற்றுத்திசைகாட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாடி மெல்ல மிதந்து போகும். வாழ்க்கையின் முக்கியச் செய்திகளை எல்லாம் அவர்கள் அந்த மிதப்பில்தான் சொல்லிக்கொண்டார்கள். "மகள் பிறந்திருக்காடா" என்று அரைவானம் முகத்தை இறக்காமலே சொன்னார். "அப்படியா, அஞ்சு" என்றார் துல்லியம். பின்பு பதறிப்போய் நண்பரின் தோளைப் பற்றிக்கொண்டார்.

சென்ற ஏப்ரலில் சங்கக் கூட்டம். பேச எழுந்த துல்லியம், ஒருநாள் அரைவானம் நாற்காலியில் தூங்கிப்போய், வானத்தைப் பார்க்காமலே நாலு என்று எழுதிய கதையை எடுத்துவிட்டார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அரைவானம் எழுந்தார், நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் தொலைபேசி வரவில்லை. 'அவனே கூப்பிடட்டும்' என்று துல்லியமும் வீறாப்பாக இருந்துவிட்டார். நான்கு மாதம் ஓடியது. கடைசியில் வந்தது சாவுச் செய்தி.

சாவு வீட்டில் எதையும் கேட்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் நண்பரின் வீட்டுக்குப் போனார். அரைவானத்தின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மறைக்காமச் சொல்லுங்க. அவனுக்கு என்மேல கோவமா?"

"கோவம்தான் தம்பி. 'ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டான் பய'ன்னு வீட்டுக்கு வந்து குதிச்சார். ரெண்டு நாள். மூணாம் நாள் அவரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சார்."

"அப்புறம் ஏன் கூப்பிடலை? அன்னைக்கு எழுந்து போனானே?"

"எழுந்து போனது கோவத்துல மட்டும் இல்லை. கண்ணு போயிட்டிருந்துது. இருட்டினா படி தெரியாது. வெளிச்சத்தோட வீடு சேரணும்னு கிளம்பியிருக்கார்." அண்ணி ஒரு சட்டையின் கையை நீவிவிட்டார். "தம்பிகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'சொன்னா ஓடி வந்து என் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை'ன்னுட்டார்."

துல்லியத்துக்குச் சிரிப்பு வந்தது.

"கண்ணு போனாலும் அஞ்சரைக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பியாகணும்" என்றார் அண்ணி. "வானம் எவ்வளவுன்னு கேட்பார். நான் அடுப்படியிலிருந்தே வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். 'பார்க்காமலே சொல்றியா? அவன் காதுல விழுந்தா உன்னையும் மேடையில ஏத்திடுவான்'னுவார்."

"கடைசியா எப்போ கேட்டான்?"

"போறதுக்கு ரெண்டு நாள் முன்னே, வியாழக்கிழமை. அன்னைக்கு என்னமோ, நிஜமாவே எழுந்து போய்ப் பார்த்தேன். ரெண்டுன்னேன். 'ஓரத்துல பார்த்தியா?'ன்னார். எதிர்க் கட்டடத்துக்குப் பின்னாலே வெள்ளையா கொஞ்சம் இருந்துது. மூணுன்னேன். 'சரி, போட்டுக்கோ'ன்னு சாஞ்சுக்கிட்டார்."

துல்லியம் ஜன்னலருகே போய் வெகுநேரம் நின்றார். மேகம் நின்றது, அறை நகர்ந்தது.

வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தார். தன் கண்ணால் பார்த்து அளந்ததே அளவு என்பது நிலையத்தின் விதி. அதன்படி பார்த்தால் நண்பர் கடைசியாக வானத்தை அளந்தது 2007 மார்ச் 31, பணி ஓய்வு பெற்ற நாள். அதைத்தான் முதலில் எழுதினார். பிறகு, அளவுகோலை வைத்து ஒரே கோடாக அதை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்:

அரைவானம் கடைசியாக வானத்தை அளந்தது: எட்டில் மூன்று பங்கு மேகம், மாலை ஐந்தரை மணி, வியாழக்கிழமை, 2023 ஆகஸ்ட் 17.