ஓட்டத்துக்கு முன் ஒரு செக்கிங்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். அன்றைக்கும் திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸில் கறை, ஓட்டை, அளவுக் குறைவு இருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. மகளிர் தினத்தன்று கம்பெனியில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கும். மற்ற நாளில் நாங்கள் பாத்ரூம் போய்வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசர், அன்று மட்டும் நாங்கள் ஓடுவதைப் பார்த்துக் கை தட்டுவார்.

இந்த முறை பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் முன்னதாக, கம்பெனி வேன்கள் நிற்கும் காலியிடத்தில் ஒத்திகை வைத்தார்கள். கட்டிங் செக்‌ஷனில் துணி ரோல் தூக்கும் பெண் முதலில் வந்தாள். இராமநாதபுரம் பக்கத்துப் பெண், இருபது வயதிருக்கும். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இரண்டு பேர் பிடிக்கும் ரோலை ஒருத்தியாகத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். நல்ல உயரம், கட்டைக் குரல், மேலுதட்டில் கொஞ்சம் பூனை முடி. இரண்டாவதாக வந்தவள் சாம்பிள் தைக்கும் டெய்லர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒரு மாதமாக விடியற்காலையில் பெருமாநல்லூர் ரோட்டில் ஓடிப் பழகியவள். இருவருக்கும் நடுவே ஒரு வேனை நிறுத்தியிருக்கலாம், அத்தனை இடைவெளி.

டெய்லர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "நா எத்தன பழகுனாலும் அந்தப் புள்ளையத் தாண்ட முடியாதுன்னா, அப்பறம் எதுக்குங்க ஓடறது?"

அந்த மூன்று நாளில் என் காதில் விழுந்த நேர்மையான பேச்சு இது ஒன்றுதான். இதற்குப் பதில் சொல்ல ஒருவரும் மெனக்கெடவில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போக எல்லோரும் வந்துவிட்டார்கள்.

டீ டைமில் மெக்கானிக் தன் போனில் எங்கோ வெளிநாட்டுப் போட்டியில் ஜெயித்தவள் பெண்தானா என்று நடந்த தகராறைக் காட்டினார். ஹார்மோன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். டீ ஆறுவதற்குள் அதில் பெரிய டாக்டராகிவிட்டார். சூப்பர்வைசர், பெண்களுக்கு அநியாயம் நடந்தால் தன்னால் பொறுக்க முடியாது என்றார். கர்ப்பிணிப் பெண் உட்கார ஸ்டூல் கேட்டுக் கிடைக்காதபோது பொறுத்துக்கொண்டவர்தான் அவர். யார் எந்தப் பிரிவில் ஓடலாம் என்று பெரிய போட்டிகளுக்கு விதி வேண்டும்தான் போலிருக்கிறது. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றும் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே கூடிப் பேசியவர்களுக்கோ விதியும் தெரியாது, ஓட்டமும் தெரியாது. பேச ஒரு பெண் உடம்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பேச்சு ஹாஸ்டலுக்குப் போனது. அவள் பெண்தானா என்பது தெரியாமல் மற்ற பிள்ளைகளோடு படுக்க வைக்க முடியாது, பெற்றவர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது என்றார் வார்டன். இரண்டு வருடமாக அதே அறையில் அவளைப் படுக்க வைத்தவர் இவர். முடிவு தெரிகிறவரை பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டார். ஓட்டம் போனால் போகட்டும். கட்டில் போனால் அவளுக்கு வேலையும் போகும், ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

மகளிர் தினத்துக்கு முதல் நாள் காலையில் ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். சூப்பர்வைசரும் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, நீங்கதானுங்க சீனியர் செக்கர். அமைதியான ஆளு வேற, வெளிய சொல்ல மாட்டீங்க. அந்தப் பொண்ண சிக் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி ஒருக்கா பாத்துருங்க. ரெண்டு நிமிச வேலைதான்."

"அரை இஞ்ச் முன்னப்பின்ன இருந்தா பாஸ் பண்ணிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் சூப்பர்வைசர். மேடமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்றுதான் எனக்கு வந்தது.

சிக் ரூமில் ஒரு கட்டிலும் மருந்துப் பெட்டியும்தான் உண்டு. கதவைத் தாழிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்துட்டுப் பொம்பளைதான்னு சொன்னா ஆஸ்டல்ல விட்ருவாகளாக்கா?"

"உடுவாங்க கண்ணு."

"அப்ப பாக்காமலே சொல்லுங்க. எங்காத்தாளத் தவிர ஒருத்தரு பாத்ததில்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தோம். மேடத்திடம் போய், "பாத்தேனுங்க, சரியா இருக்குது" என்றேன். அந்தப் பொய்யில் எனக்கு வருத்தமில்லை. பார்க்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதே வாயால் ஒத்துக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவளை மட்டும் பார்த்தது பாரபட்சம் ஆகிவிடும் என்று மதியம் மேடத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. "ஒரு பீஸ்ல டவுட் வந்தா லாட் முழுசும் செக் பண்ணுவோமில்லீங்க? பாக்கிப் பதினோரு பேரையும் பாத்து லிஸ்ட்ல டிக் போட்டுக் குடுத்துருங்க. ஃபேரா இருக்கும்" என்றார். மேடம் படித்த படிப்பு மொத்தமும் அதில் தெரிந்தது.

லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் டெய்லரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் கறுத்துவிட்டது.

"என்னைய எதுக்குங்க்கா பாக்கோணும்? ரெண்டு பெத்தவளுக்கா செக்கிங்கு?"

"அந்தப் புள்ளைக்கும் இப்புடித்தான இருந்திருக்கும்" என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

அவள் தைத்துக்கொண்டிருந்த பீஸைக் கீழே வைத்தாள். பிறகு என் பேனாவை வாங்கி லிஸ்ட்டில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். விஷயம் லைனுக்கு லைன் பரவியது. மிஷினை நிறுத்தாமலே ஒவ்வொருத்தியும் கையை நீட்டிப் பேனா வாங்கினாள். சாயங்கால சைரன் அடித்தபோது பதினோரு பெயர்கள் அடிபட்டிருந்தன. டிக் போட்ட ரோல் தூக்கும் பெண்ணின் பெயர் மட்டும் மிச்சம். கம்பெனியின் நியாயப்படி ஓடத் தகுதியுள்ள ஒரே பெண் அவள்தான். லிஸ்ட்டை மேடம் மேஜையில் வைத்தேன். அவர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு பெயர் இருக்குமோ என்று. 

மறுநாள் ஓட்டம் நடக்கவில்லை. கோலப்போட்டி வைத்தார்கள். அந்தப் பெண் ஹாஸ்டலிலிருந்து வழக்கம்போல எட்டரைக்கு வேலைக்கு வந்து ரோல் தூக்கினாள்.