பதினான்கில் ஒன்று

அந்த ரப்பர் தொழிற்சாலையில் எல்லோரும் அவரை வளையக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாடி மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, உள்ளே இருப்பது கசியாமல் பிடித்துக்கொள்வது, அதைத்தான் அவர் இருபத்தாறு வருஷமாகச் செய்துவந்தார். ரப்பர் துண்டைப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடுவார். அளவுக்கருவியும் அதையே சொல்லும்.

பெரிய முதலாளி ஓய்வுபெற, அவர் மகள் பொறுப்பேற்றதும், வளையக்காரரை ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக்கினார். பிரிவு என்றால் பழைய சாமான் அறைதான். ரப்பரைப் பதப்படுத்த ஒரு சின்ன சூட்டடுப்பு, இரண்டு மேஜை, லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தைப் பார்த்த ஜன்னல், அவரையும் சேர்த்து மூன்று பேர்.

புது முதலாளியம்மா நல்லவர், சுறுசுறுப்பானவர். ஆனால் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கையோடு ஒரு யோசனையைக் கொண்டுவருவார். பழச்சாறு மிக்ஸி, விளக்கு எரியும் தண்ணீர் பாட்டில், போனுக்குச் சேதி அனுப்பும் சாப்பாட்டு டப்பா என்று சுவர்ப் பலகையில் பட்டியல் பதினான்கு வரிக்கு வளர்ந்துவிட்டது. மூன்று பேரின் கைகால்களைக் கூட்டினாலும் பன்னிரண்டுதானே. பழைய வளையத்தை மேம்படுத்தும் வேலை பதினான்காவது வரியில், இடம் போதாமல் நெருக்கி எழுதப்பட்டிருந்தது.

மோட்டாரும் மின்சுற்றும் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை அறிக்கையில் பதினான்குக்கும் நேராக ‘முன்னேற்றத்தில் உள்ளது’ என்று எழுதினார். ஒன்றரை வருஷம் அப்படியே எழுதினார். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டால், வேலை அதிகம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர். இப்போது விரல் மூட்டுகள் வீங்கி மடங்க மறுத்தன. தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் திறக்க முடியாத ஒரு ஜாடியை நீட்டுவார். இவர் செய்த வளையத்தின் பிடி ஆயிற்றே, இவரே தொடையில் இடுக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது.

மிக்ஸியைச் செய்துகாட்டும் நாள் வந்தது. முதியோர் இல்லங்களுக்குச் சாமான் வாங்கும் ஒரு பெண்மணி பார்க்க வந்திருந்தார். பொத்தானை அமுக்கியதும் மிக்ஸி மேஜை முழுக்க நடனமாடி, கருகல் வாடையோடு கவிழ்ந்து விழுந்தது. வளையக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். வந்தவரோ, இவருடைய வளையம் போட்ட மிக்ஸி ஜாடியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார்.

“மோட்டார் எத்தனையோ பேர் செய்றாங்க. ஒரு சொட்டுகூட சிந்தலையே, இந்த மூடி யாரு செஞ்சது?” என்றார். பிறகு மூடியைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. “எங்க இல்லத்துல இருக்கறவங்களால இதத் தொறக்கவே முடியாது. தொறக்கற மாதிரி செஞ்சா சொல்லியனுப்புங்க.”

அவர் போனதும் முதலாளியம்மா வளையக்காரரைத் தன் அறைக்கு அழைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

“உண்மையச் சொல்லுங்க சார். அந்தப் பதினாலுல நமக்கு நல்லாத் தெரிஞ்சது எது?”

“வளையம் மட்டுந்தான் மேடம். மத்த பதிமூணும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டிருந்தேன்.”

முதலாளியம்மா அவரை உட்காரச் சொன்னார். பிறகு சிரித்தார். “எனக்கும் தெரியாது சார். நீங்க எழுதுறதப் பாத்து, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

இருவருமாகப் போய், கடைசி வரியை மட்டும் விட்டுப் பலகையைத் துடைத்தார்கள். அன்று மாலை, வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினார். வீட்டில் மூன்று பேருக்குமாக வடித்திருந்த சோற்றை அவர் ஒருவரே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த எட்டு மாதம் பிரிவில் மூன்று பேருக்கும் ஒரே வேலை: கசியவும் கூடாது, எளிதாகத் திறக்கவும் வேண்டும். ரப்பரை மென்மையாக்கினால் எண்ணெய் கசிந்தது. கெட்டியாக்கினால் மூடி அசையவில்லை. செய்த ஒவ்வொன்றையும் வளையக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். அக்கா ஈவிரக்கம் இல்லாத நீதிபதி. இருபது வளையங்களைத் தள்ளிவிட்டார். கடைசியில் தம்பி, வளையத்தின் ஒரு பக்கத்தில் பிடித்து இழுக்கச் சின்னதாக ஒரு காது வைத்தார். காதுக்கு அடியில் மட்டும் ரப்பரை மெலிதாக்கினார். அதை இழுத்தால் காற்று உள்ளே புகும், பிடி தளரும், மூடி தானாக எழும்பும்.

அக்கா இரண்டு விரல்களுக்கு நடுவில் அந்தக் காதை இடுக்கி இழுத்தார். மூடி வந்துவிட்டது. “காதப் பிடிச்சு இழுத்தா எதுவும் வழிக்கு வரும்டா. சின்ன வயசுல உன்னப் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான இழுத்துட்டுப் போனேன்” என்றார்.

முதியோர் இல்லத்தில் நாற்பது பேரிடம் ஜாடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் திறந்துவிட்டார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவர் தனக்கு ஜாடியே வேண்டாம் என்றார். ஒரு பெரியவர் திறப்பதும் மூடுவதுமாக விடாமல் விளையாட, பராமரிப்பவர் வந்து வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. இல்லங்கள் அத்தனைக்கும் அந்த ஜாடியையே வாங்கிக்கொள்வதாக, சாமான் வாங்கும் அந்தப் பெண்மணி அங்கேயே சொல்லிவிட்டார். மாத்திரை டப்பாவுக்கும் இதே போல் ஒரு மூடி கேட்டார். அது முடியுமா என்று முதலாளியம்மா வளையக்காரரைப் பார்க்க, அது தெரிந்த வேலை என்பதால் அவர் யோசிக்காமல், முடியும் என்று தலையாட்டினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“வரும்போது கடையில எதாவது வாங்கணுமா?” என்று கேட்டார்.

கணவர் இப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. “ஒண்ணும் வேணாம், வெறுங்கையோட நீங்க வந்தாப் போதும்” என்றார் மனைவி.